பேச்சு, பதவி, நீக்கம்: கையெழுத்திடாத ஒருவனின் குறிப்புகள்

நாகர்கோவிலில் ஒரு நண்பரின் வீட்டு மாடியில் வைத்து அந்த மனுவை என் கையில் கொடுத்தார்கள். ஒரு சட்டமன்ற உறுப்பினர் பொதுக்கூட்டத்தில் ஒரு சமூகத்தை நோக்கி விரல் நீட்டிப் பேசியிருந்தார். பேச்சு செல்போன் வழியாக ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. வெறுப்பைத் தூண்டிய குற்றத்துக்காக அவரைச் சபையிலிருந்தே நீக்க வேண்டும் என்று சபாநாயகரைக் கேட்டுக்கொள்ளும் மனு அது. எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், கல்லூரி ஆசிரியர்கள், கடற்கரை ஊர்களைச் சேர்ந்த தோழர்கள் என்று இருபது பேருக்கு மேல் அதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் ரெண்டு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"மண்டைக்காடு கலவரம் நடக்கும்போ நீங்க இங்கதானே அண்ணாச்சி இருந்தீய? பெறவும் ஏன் மாட்டேங்கிய?" என்று கேட்டார் ஓர் இளம் தோழர். கேள்வியில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் இருந்தது. ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் அன்று இல்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். அந்த உறுப்பினரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் விவாதம் அவரைப் பற்றியதாகிவிடும். அவரைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் எனக்குக் கிடையாது.

1

தோழர் கேட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறேன். 1982 மார்ச் 1, மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கொடை. அன்று நடந்த மோதலும் போலீஸ் துப்பாக்கிச்சூடும் மீனவர்களின் உயிரைக் குடித்தன. தொடர்ந்து பல நாட்கள் கடற்கரையிலும் உள்நாட்டு ஊர்களிலும் வீடுகள், கடைகள், வள்ளங்கள், வலைகள் எரிந்தன. நீதிபதி வேணுகோபால் ஆணையம் இதை விசாரித்தது. ஆர்.எஸ்.எஸ். போன்ற அமைப்புகளின் அணுகுமுறை பதற்றத்தை எப்படி வளர்த்தது என்பதையும் அது பதிவு செய்தது.

சொல் கொல்லும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன் அல்ல. கொடைக்கு எத்தனையோ மாதம் முன்பிருந்தே மைக்கும் துண்டுப் பிரசுரமும் வேலை செய்துகொண்டிருந்தன. யார் எண்ணிக்கை கூடுகிறது, யார் நிலத்தை யார் வாங்குகிறார்கள், எந்தக் குளத்தில் யார் குளிக்கிறார்கள் என்று எல்லாமே கணக்காக மாறியது. ஒரே சந்தையில் மீன் வாங்கியவர்களும் விற்றவர்களும் ஒருவரையொருவர் 'அவனுவ' என்று குறிப்பிடத் தொடங்கினார்கள். அந்த 'அவனுவ'தான் முதல் தீ. பிறகு வந்தது மண்ணெண்ணெய். கருத்துச் சுதந்திரம் பேசுகிற நம்மில் பலர் பேச்சுக்கும் வன்முறைக்கும் தொடர்பில்லை என்பதுபோல் வாதிடுகிறோம். குமரி மாவட்டத்துக்காரன் அப்படி வாதிட முடியாது.

இருந்தும் இரண்டு விஷயங்களைக் கவனிக்கச் சொல்லுவேன். முதலாவது, அந்தச் சொற்களைப் பரப்பியவர்களில் பெரும்பாலோர் எந்தச் சபையிலும் இடம் இல்லாதவர்கள். அவர்களைத் தடுக்கவேண்டிய பொறுப்பு மாவட்ட நிர்வாகத்துக்கும் போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் இருந்தது. சபாநாயகர் செய்யக்கூடியது எதுவும் அங்கே இல்லை. இரண்டாவது, அந்தச் சொற்கள் பிற்பாடு ஓட்டாக மாறின. 1984 தேர்தலில் பத்மநாபபுரத்தில் இந்து முன்னணியின் ஆதரவோடு நின்ற சுயேச்சை வென்றார். 1996-ல் தமிழ்நாட்டின் முதல் பா.ஜ.க. சட்டமன்ற உறுப்பினரைத் தந்ததும் அதே பத்மநாபபுரம்தான். சபைக்குள் ஒருவர் வந்து உட்காருவதற்கு முன்பே அவருடைய பேச்சு ஊருக்குள் தன் வேலையை முடித்துவிடுகிறது. உட்கார்ந்தவரை எழுப்பி வெளியே அனுப்பினால் இடைத்தேர்தல் வரும். அந்த இடைத்தேர்தலில் எந்தப் பேச்சு எடுபடும் என்று மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் யோசித்தார்களா என்பது தெரியவில்லை.

2

சரி, இந்த மண்ணில் பேச்சுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் யார் யார்? அந்தப் பட்டியலைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

1830-களின் இறுதியில் சாமித்தோப்பு வைகுண்டரைத் திருவிதாங்கூர் அரசு பிடித்துக் கொண்டுபோய்த் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அடைத்தது. ஆளுகிறவனை நீசன் என்று சொன்னவர் அவர். தலைப்பாகை கட்டக்கூடாத சாதிக்குத் தலைப்பாகை கட்டச் சொன்னவர். அரசின் அகராதியில் அது கலகப் பேச்சு. சபை என்ற ஒன்றே இல்லாத காலம், அதனால் நீக்கம் என்ற கேள்வி எழவில்லை.

சபை வந்த பிறகு என்ன ஆயிற்று? திருவிதாங்கூர் 1888-லேயே சட்டசபை அமைத்த சமஸ்தானம். 1932 சீர்திருத்தத்தில் ஸ்ரீ மூலம் சபை, ஸ்ரீ சித்திரா கவுன்சில் என இரண்டு அவைகள் வந்தன. இரண்டுக்கும் திவானே தலைவர். ஓட்டுரிமையும் இடங்களும் சொத்துள்ள மேல்சாதிகளுக்குச் சாதகமாக இருப்பதாக ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம் ஆகிய மூன்று தரப்பாரும் சேர்ந்து எதிர்த்தார்கள். நிவர்த்தனப் போராட்டம் என்று கேரள வரலாற்றில் படிக்கிறோமே, அதுதான். அதன் தொடர்ச்சியாக 1935 மே மாதம் கோழஞ்சேரியில் நடந்த கூட்டத்தில் சி. கேசவன் பேசினார். அப்போது மகாராஜாவின் சட்ட ஆலோசகராக இருந்த சர் சி.பி. ராமசாமி அய்யரை 'ஜந்து' என்று சொன்னார். இன்றைய அளவுகோலை வைத்தாலும் அது நாகரிகமான பேச்சு அல்ல. ராஜத்துரோக வழக்கில் கேசவன் சிறைக்குப் போனார்.

1936-ல் சர் சி.பி. திவானானார். 1937-ல் கேசவன் விடுதலையானபோது ஆலப்புழையில் அவருக்கு வரவேற்பு கொடுத்தார்கள். ஸ்ரீ மூலம் சபையின் துணைத்தலைவராக இருந்த டி.எம். வர்கீஸ் அதில் முன்னின்றார். துணைத்தலைவர் ஒரு ராஜத்துரோகியை வரவேற்பதா என்று சொல்லி, நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். யோசித்துப் பாருங்கள். 'ஜந்து' என்று திட்டப்பட்டவர் இப்போது திவான். அந்த திவான்தான் சபையின் தலைவர். திட்டியவரை வரவேற்றவருக்கு அந்தச் சபையிலேயே தண்டனை. வாதியும் நீதிபதியும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

வர்கீஸிடமிருந்து பறிக்கப்பட்டது துணைத்தலைவர் பதவிதான், உறுப்பினர் இடம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் நாகர்கோவிலும் பத்மநாபபுரமும் உள்ளடங்கியிருந்த ஒரு ராஜ்ஜியத்தின் சபை, 'தூண்டும் பேச்சு' என்ற காரணத்தைப் பதவி பறிக்கும் கருவியாக எப்படி உபயோகித்தது என்பதற்கு இது சாட்சி. மீதிக் கதை நமக்குத் தெரியும். 1947-ல் சர் சி.பி. திருவிதாங்கூரை விட்டே போனார். 1949-ல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபையின் சபாநாயகராக உட்கார்ந்தவர் டி.எம். வர்கீஸ். 1951-ல் முதலமைச்சரானவர் சி. கேசவன்.

3

அடுத்தது நம்முடைய சொந்தக் கதை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. ஏ. நேசமணி அதன் முன்னணித் தலைவர். மலையாள அரசியல்வாதிகளின் காதுக்கு இது ராஜ்ஜியத்தைப் பிளக்கும் பேச்சாகவே கேட்டது. கூட்டங்களில் பேசப்பட்டதெல்லாம் மென்மையாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் பட்டம் தாணு பிள்ளை அரசின் போலீஸ் சுட்டது. ஆட்கள் செத்தார்கள். சோஷலிஸ்ட் முதலமைச்சரின் போலீஸ் சுட்டதே என்று கொதித்துப்போன ராம் மனோகர் லோகியா, தன் சொந்தக் கட்சியின் முதலமைச்சரையே ராஜினாமா செய்யச் சொன்னார்.

அந்த ஆண்டு நடந்த தேர்தலில் தமிழ்நாடு காங்கிரஸ் 117 இடங்களில் 12 இடங்களைப் பிடித்திருந்தது. 1955 பிப்ரவரியில் பட்டம் அமைச்சரவை சபையில் தோற்றபோது அந்த உறுப்பினர்களின் வாக்கும் அதில் சேர்ந்திருந்தது. மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் பரிந்துரை வந்தது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது.

'பிரிவினைப் பேச்சு பேசுகிறவர்களுக்குச் சபையில் இடமில்லை' என்று பெரும்பான்மை அன்றைக்கு ஒரு தீர்மானம் போட்டிருந்தால்? போட்டிருக்கக்கூடிய பெரும்பான்மை அவர்களிடம் இருந்தது. பேச்சைத் தெருவிலிருந்து சபைக்குள் கொண்டுவர அந்த 12 நாற்காலிகளும் வழியாக இருந்தன. தெருவில் துப்பாக்கிக்கு முன்னால் நின்ற கோரிக்கை, சபையில் வாக்காக எண்ணப்பட்டது. நான் இன்றைக்குத் தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத்தில் உட்கார்ந்து இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

4

சபைக்கு இந்த நீக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது? அரசியல் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, சட்டமன்றங்களின் சிறப்புரிமைகளுக்கு பிரிட்டிஷ் காமன்ஸ் சபையை முன்மாதிரியாகக் காட்டியது. காமன்ஸ் சபை இந்த அதிகாரத்தை எப்படிக் கையாண்டது என்பதற்கு ஜான் வில்க்ஸ் கதை போதும். 1763-ல் மன்னரின் உரையைத் தாக்கித் தன் பத்திரிகையில் எழுதியவர் அவர். 1764-ல் நீக்கினார்கள். 1769-ல் மறுபடி நீக்கினார்கள். மிடில்செக்ஸ் வாக்காளர்கள் அவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். கடைசியில் தோற்றுப்போனவரைக் கூப்பிட்டு அந்த இடத்தில் உட்கார வைத்தது சபை. 1782-ல் அந்தத் தீர்மானத்தைத் தன் குறிப்பேட்டிலிருந்தே அழித்துக்கொண்டது. செய்தது தவறு என்று ஒரு சபைக்குப் புரிய பதின்மூன்று வருஷம் பிடித்தது.

இந்தியாவிலும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. நெருக்கடி நிலையின்போது, 1976 நவம்பர் 15 அன்று சுப்பிரமணியன் சுவாமியை ராஜ்யசபை நீக்கியது. வெளிநாடுகளில் இந்தியாவுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார், சபையின் கவுரவத்தைக் குலைத்தார் என்பது குற்றச்சாட்டு. அவருடைய அரசியலில் எனக்கு ஒட்டோ உறவோ கிடையாது. அதனால்தான் இந்த உதாரணத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். நமக்குப் பிடித்தவர்களின் நாற்காலியைக் காப்பாற்ற வாதம் தேவையில்லை, பாசமே போதும். எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் கிடந்த ஒரு காலத்தில், எது தேசவிரோதப் பேச்சு என்று தீர்மானித்தது யார்? மறுவருஷத் தேர்தலில் பம்பாயின் வடகிழக்குத் தொகுதி அவரை லோக்சபைக்கு அனுப்பியது.

இனி 1986. நவோதயா பள்ளிகள் வழியாக இந்தி வருகிறது என்று தமிழ்நாடு கொதித்த வருஷம். நவம்பர் 13 அன்று தமிழ்நாடு சட்டமன்றமே, ஆட்சிமொழி பற்றிய அரசியல் சட்டத்தின் 17-ஆம் பகுதியை நீக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நான்கு நாள் கழித்து, நவம்பர் 17 அன்று, அதே 17-ஆம் பகுதியை தி.மு.க.வினர் தெருவில் எரித்தார்கள். இருபதாயிரம் பேருக்கு மேல் கைதானார்கள். கலைஞர் கருணாநிதிக்குப் பத்து வாரக் கடுங்காவல். அவர் இருந்த மேலவை நவம்பர் 1 அன்றே ஒழிக்கப்பட்டுவிட்டதால் அவரை நீக்குவதற்குச் சபை இல்லை. க. அன்பழகன் உள்ளிட்ட பத்து தி.மு.க. உறுப்பினர்கள் டிசம்பரில் பதவி இழந்தார்கள். சபாநாயகர் பி.எச். பாண்டியன், நமக்குப் பக்கத்திலுள்ள சேரன்மாதேவித் தொகுதிக்காரர். சபாநாயகருக்கு வானளாவிய அதிகாரம் உண்டு என்ற பேச்சு தமிழகத்தில் புழக்கத்துக்கு வந்தது அவர் காலத்தில்தான். அடுத்த வருஷம் ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியன் ஒரு கேலிச்சித்திரத்துக்காகச் சிறைக்கு அனுப்பப்பட்டதும் அதே சபையின் உத்தரவால்தான்.

எரித்ததைப் பேச்சு என்று சொல்ல முடியுமா என்று கேட்கலாம். யாரையும் அடிக்காத, யார் வீட்டையும் கொளுத்தாத, ஒரு கருத்தைச் சொல்வதற்காக மட்டும் செய்த காரியம் அது. உரக்கச் சொன்ன பேச்சு. உறுதிமொழி எடுத்துக்கொண்ட உறுப்பினர் அரசியல் சட்டத்தை எரிக்கலாமா என்ற கேள்வியும் லேசானதல்ல. அம்பேத்கரை மதிக்கிற யாருக்கும் அது உறுத்தும், எனக்கும் உறுத்துகிறது. ஆனால் சபை தன் தீர்மானத்தில் நீக்கச் சொன்ன பகுதியையே அவர்கள் எரித்தார்கள். கருத்தில் வேறுபாடு இல்லை, சொன்ன விதத்தில்தான் வேறுபாடு. அந்த விதத்துக்கான தண்டனையை நீதிமன்றம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே பத்துத் தொகுதிகளின் பிரதிநிதித்துவத்தையும் ஆளும் பெரும்பான்மை எடுத்துக்கொண்டது. தன்னைப் பேசியவர்களாக இல்லாத அந்தப் பத்துத் தொகுதி மக்கள் என்ன குற்றம் செய்தார்கள்? 1989-ல் ஆட்சி மாறியது, அன்பழகன் கல்வி அமைச்சரானார். எரித்த 17-ஆம் பகுதி இன்னும் அரசியல் சட்டத்தில் அப்படியே இருக்கிறது.

5

இங்கே ஒரு எதிர்வாதத்தை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். மனுவைத் தயாரித்த வழக்கறிஞர் நண்பர் அதைச் சொன்னார்: "1963-ல நடந்தத மறந்துட்டீயளா? பிரிவினை பேசப்படாதுன்னு சட்டம் வந்துது. அண்ணா திராவிட நாட்டைக் கைவிட்டாரு. ஒரு சொட்டு ரத்தம் சிந்தல. பேச்சுக்கு எல்லை போட்டா நல்லதுதானே நடந்துது?"

உண்மைதான். 1963-ல் வந்த 16-ஆவது திருத்தம், இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்ற உறுதிமொழியை வேட்பாளருக்கும் உறுப்பினருக்கும் கட்டாயமாக்கியது. தி.மு.க. பின்வாங்கியது, நான்கு வருஷத்தில் ஆட்சியைப் பிடித்தது. ஆனால் அந்தத் திருத்தத்தைச் சொல்லி யாரையும் சபையிலிருந்து தூக்கி எறியவில்லை. கட்சிக்கு முன்னால் தேர்தல் என்ற கதவு திறந்தே இருந்தது. மாநில ஆட்சி என்ற கைக்கெட்டும் கனி இருந்தது. கோரிக்கையைக் கைவிட்டாலும் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அண்ணா தன் தொண்டர்களிடம் வாதிட முடிந்தது.

அதே மாதிரி ஓர் உறுதிமொழி, இருபது வருஷம் கழித்து, பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுக் கோரிக்கையை முன்வைத்து 18 இடங்களை வென்றது. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1981 ஜூலையில் ஆளுங்கட்சி அவருக்கு எதிராக, எதிர்க்கட்சித் தலைவருக்கு எதிராக, நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. துரோகிகளை எப்படியெல்லாம் கொல்லலாம் என்று அந்த விவாதத்தில் ஆளுங்கட்சி உறுப்பினர் சிலர் வகைவகையாக விவரித்தார்கள். நாடாளுமன்றக் குறிப்பேட்டில் ஏறிய பேச்சு அது. கொலைக்கு அழைக்கும் அந்தப் பேச்சுக்காக நாடாளுமன்றம் எவரையும் நீக்கவில்லை. ரெண்டு வருஷம் கழித்து 1983 ஜூலை வந்தது. தமிழர்கள் கொழும்புத் தெருக்களில் எரிக்கப்பட்டார்கள். எரிந்த சாம்பல் ஆறுவதற்கு முன்பே, ஆகஸ்ட் மாதத்தில், அரசு 6-ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் செய்யாதவருக்கு நாடாளுமன்றத்தில் இடமில்லை. கூட்டணி உறுப்பினர்கள் சத்தியம் செய்யவில்லை, சபைக்கும் போகவில்லை, இடங்களை இழந்தார்கள். பொது வாக்கெடுப்பால் நீட்டிக்கப்பட்ட அந்த நாடாளுமன்றத்தில் தொடர்ந்து உட்காருவதற்குக் கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். ஆயுத இயக்கங்கள் அதற்கு முன்பே பிறந்திருந்தன என்பதும் சரிதான். ஆனால் வாக்கு வாங்கி வந்தவர்களுக்கு இனிச் சபையில் வேலை இல்லை என்று அரசே அறிவித்தபோது, 'நாங்கள்தான் ஒரே வழி' என்று சொல்லிக்கொண்டிருந்த இளைஞர்களின் வாதத்துக்கு அரசே முத்திரை குத்தியது. 1989 ஜூலையில் கொழும்பில் அமிர்தலிங்கத்தைச் சுட்டுக் கொன்றவர்கள் புலிகள். அரசு அவரைச் சபையிலிருந்து வெளியேற்றியது, சபையை நம்பியதற்காக அந்தப் பக்கம் அவரை உலகத்திலிருந்தே வெளியேற்றியது.

இந்த இரண்டு உறுதிமொழிகளின் வாசகமும் ஏறக்குறைய ஒன்றுதான். விளைவுகள் வேறாயின. காரணம், யார் கையில் பெரும்பான்மை இருக்கிறது, அந்தப் பெரும்பான்மைக்கு எந்தப் பேச்சு காதில் விழுகிறது என்பதுதான். கொழும்பில் கொலைக்கு அழைத்த பேச்சு பெரும்பான்மையின் காதில் பேச்சாகவே விழவில்லை. பிரிவு கேட்ட பேச்சு மட்டும் குற்றமாக விழுந்தது. பெரும்பான்மைக்குத் தன் குரல் எப்போதும் இயல்பான குரலாகவே கேட்கும். மற்றவர் குரல்தான் தூண்டுதலாகக் கேட்கும். நீக்கும் அதிகாரத்தை அதன் கையில் கொடுத்துவிட்டு, நம் எதிரிகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்து என்று மனுப் போடுவது என்ன அரசியல்?

6

சபை வேண்டாம், நீதிமன்றம் செய்யட்டும் என்பது அடுத்த வாதம். இதற்கு ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி, சமூகங்களுக்கிடையே பகையை வளர்த்த குற்றம் நிரூபிக்கப்பட்டால், அபராதம் மட்டுமே விதித்திருந்தாலும், ஆறு வருஷம் தகுதியிழப்பு. முன்பெல்லாம் பதவியில் இருப்பவருக்கு மேல்முறையீட்டுக்கு மூன்று மாத அவகாசம் இருந்தது. 2013-ல் லில்லி தாமஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஊழல்வாதிகளுக்குக் கடிவாளம் என்று நாமெல்லாம் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

அதன் மறுபக்கத்தை ராம்பூர் காட்டியது. 2019 தேர்தல் பேச்சு ஒன்றுக்காக சமாஜ்வாதி கட்சியின் அசம் கானுக்கு 2022 அக்டோபர் 27 அன்று மூன்று வருஷ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மறுநாளே அவர் இடம் காலி என்று அறிவித்தார்கள். டிசம்பரில் இடைத்தேர்தல் நடந்து முடிந்து, தொகுதி பா.ஜ.க.வுக்குப் போயிற்று. 2023 மே மாதம் மேல்முறையீட்டில் அந்த வழக்கிலிருந்து அவர் விடுதலை செய்யப்பட்டார். தீர்ப்பு திரும்பியது, நாற்காலி திரும்பவில்லை. அவர் பேசியது நல்ல பேச்சா என்பது இங்கே கேள்வியல்ல. இதோடு ராகுல் காந்தி வழக்கையும் வைத்துப் பாருங்கள். அது அவதூறு வழக்கு. 2023 மார்ச்சில் போன பதவி, உச்சநீதிமன்றத்தின் தடை வந்ததும் ஆகஸ்டில் திரும்பிற்று. இடையில் வயநாட்டில் இடைத்தேர்தல் நடந்திருந்தால்?

நம் உயர்நீதிமன்றத்தின் வாசலுக்கும் கேள்வி வந்தது. 2023 செப்டம்பரில் சனாதனம் பற்றி உதயநிதி ஸ்டாலின் பேசியதை அடுத்து, அவரும் சேகர்பாபுவும் ஆ. ராசாவும் எந்தத் தகுதியில் பதவியில் இருக்கிறார்கள் என்று கேட்டு இந்து முன்னணியினர் வழக்குப் போட்டார்கள். 2024 மார்ச் 6 அன்று நீதிபதி அனிதா சுமந்த் பேச்சைக் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் பதவியைப் பறிக்க மறுத்தார், சட்டம் சொல்லும் தகுதியிழப்பு எதுவும் ஏற்படவில்லை என்பதால். இந்த வழக்கை நம் மனுவின் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். அவர்கள் எழுதிய காரணமும் நாம் எழுதிய காரணமும் கிட்டத்தட்ட ஒரே வாக்கியங்கள்தான். சாதியைக் காக்கும் தத்துவத்தைத் தாக்குவதும், பக்கத்துத் தெருவில் குடியிருப்பவனை விரட்டச் சொல்வதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் 'உணர்வு புண்பட்டது' என்று மட்டும் எழுதிய மனுவில் அந்த வேறுபாட்டைக் காட்டுவதற்கு இடமே இல்லை.

7

அப்படியானால் சும்மா இருக்க வேண்டுமா? இல்லை. நான் எதில் கையெழுத்துப் போடுவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சபையில் இருக்கும் இடம் வாக்காளர்களுடையது. அமைச்சர் பதவி அப்படியல்ல. அது முதலமைச்சரின் பரிந்துரையில் கிடைப்பது, அரசின் பெயரால் பேசும் உரிமையும் அதோடு சேர்ந்தே வருகிறது. ஒரு சமூகத்தை இழிவு செய்கிறவர் அரசின் பெயரால் ஒரு நாள்கூடப் பேசக்கூடாது. 2025 ஏப்ரலில் க. பொன்முடியின் ஆபாசப் பேச்சுக்கு எழுந்த எதிர்ப்பையும் உயர்நீதிமன்றத்தின் கண்டனத்தையும் தொடர்ந்து, அவருடைய கட்சிப் பொறுப்பும் பிறகு அமைச்சர் பதவியும் போயின. திருக்கோவிலூர் வாக்காளர்கள் கொடுத்த இடம் அப்போது போகவில்லை. இந்தப் பிரிவினை சரியானது. அமைச்சரானால் பதவி விலக்கு என்று முதலமைச்சரிடம் கேட்போம். கட்சியானால் அடுத்த தடவை சீட்டுக் கொடுக்காதே என்று கட்சியிடம் கேட்போம்.

வன்முறைக்கு நேராக அழைக்கும் பேச்சானால், வழக்குப் பதிவு செய்து குறித்த காலத்தில் விசாரணையை முடிக்கச் சொல்லிப் போராடுவோம். பேச்சு சம்பந்தமான குற்றத்தில் மட்டுமாவது, முதல் மேல்முறையீடு முடியும்வரை இடத்தைக் காலி என்று அறிவிக்காதே, அந்த மேல்முறையீட்டை ஆறு மாதத்தில் முடி என்று சட்டத் திருத்தம் கேட்போம். ஊழலுக்கும் கொலைக்கும் இந்தச் சலுகை வேண்டாம். அவற்றில் நடந்தது என்ன என்பதே கேள்வி. பேச்சில் அதன் அர்த்தம் என்ன என்பதே கேள்வி, அர்த்தத்தை ஆளும் தரப்பு தன் வசதிக்கு வளைக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை மாடியில் உட்கார்ந்து செய்யக்கூடியதல்ல. 1982-க்குப் பிறகு சில கடற்கரை ஊர்களிலும் உள்நாட்டு ஊர்களிலும் ஆட்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய், சாயா குடித்து, நின்றுபோயிருந்த மீன் வியாபாரத்தைத் திரும்பத் தொடங்கினார்கள். எந்த ஆணையமும் அதைப் பதிவு செய்யவில்லை. 'அவனுவ' என்ற சொல்லை அந்த ஊர்களில் கொஞ்சமாவது தேய்த்தவர்கள் மீன்கூடை சுமந்து வந்த பெண்கள்தான். நம்மை ஏமாற்றிக்கொள்ளவும் வேண்டாம். 1984-ம் 1996-ம் அதற்குப் பிறகும் நடந்தவைதான். அந்த வேலையை யாரும் தொடரவில்லை, நாமும் தொடரவில்லை.

மனுவின் பின்பக்கத்தில் இந்தக் கோரிக்கைகளைப் பேனாவால் எழுதி அந்த இளம் தோழரிடம் கொடுத்தேன். வாசித்தார். "இது மெதுவா போற வழி அண்ணாச்சி" என்றார். ஆமாம், மெதுவாகப் போகிற வழிதான். முன்பக்கத்தில் இருபத்துச் சொச்சம் கையெழுத்துகள் இருந்தன. பின்பக்கத்தில் அன்று சாயங்காலம் வரை நான்கு விழுந்தன. நாலாவது அவருடையது.